நடுவில் மூன்று கிலோமீட்டர்

பிப்ரவரி 4, ஞாயிறு

காலை ஐந்தரைக்கே நெடுங்கரை ஏரிக்குப் போய்விட்டேன். கூழைக்கடாப் பறவைகள் கூட்டமாக வந்திருப்பதாகச் சொன்னார்கள். நான் பார்த்தது நான்கு. அவையும் எதிர்க்கரையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. எட்டு மணிவரை பொறுத்துப் பார்த்துவிட்டுப் பையை எடுக்கும்போது மேலே சத்தம் கேட்டது. விமானங்கள் இறங்க வரும் வழி ஏரியிலிருந்து கொஞ்சம் தள்ளித்தான் போகிறது. இடப்பக்கமிருந்து ஒரு விமானம் இறங்கி வந்துகொண்டிருந்தது. வலப்பக்கமிருந்து இன்னொன்று. ஐநூறு மில்லிமீட்டர் லென்ஸ் கேமராவில் மாட்டியபடியே இருந்தது. தூக்கி அழுத்திவிட்டேன்.

கேமராவின் சின்னத் திரையில் பார்த்தபோது உடம்பு சிலிர்த்தது. இரண்டு விமானமும் ஒரே நீளம், ஒரே உயரம், மூக்குக்கு மூக்கு. நடுவில் ஒரு முழம்கூட இல்லாததுபோல.

வீட்டுக்கு வந்தால் என் வீட்டுக்காரர் மத்தி மீன் வாங்கி வைத்திருந்தார். இரண்டு கிலோவையும் நானேதான் ஆய்ந்தேன். மதியம் கம்ப்யூட்டரில் படத்தின் ஓரத்தை வெட்டி, கொஞ்சம் பளிச்சென்று ஆக்கித் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். "இன்று காலை நம் ஊர் வானத்தில்" என்று மட்டும் எழுதினேன். அதில் பொய் எதுவும் இல்லை.

பிப்ரவரி 5, திங்கள்

காலையில் என் போட்டோ ஸ்டுடியோவைத் திறக்கும்முன்பே கோதண்டபாணி சார் வந்து நின்றார். எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர். தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அம்மா சுகிர்தம், ரெண்டு வருஷமா நாங்க மனு எழுதி எழுதிக் கை ஓஞ்சு போச்சு. நீ ஒரே அமுக்குல முடிச்சிட்டே."

விமான நிலையத்துக்கு இரண்டாவது ஓடுபாதை வருகிறது. அதற்காக எங்கள் கணபதி நகரில் தொண்ணூற்றாறு வீடுகளின் சுவரில், இடிக்கப்போவதாக மஞ்சள் பெயின்டில் எண் போட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டின் எண் 44. இருக்கிற விமானங்களையே ஒழுங்காக இறக்கத் தெரியாதவர்களுக்கு இன்னொரு ஓடுபாதை எதற்கு என்று கேட்கலாம் என்பது சாரின் கணக்கு. மாலைக்குள் படம் எங்கெங்கோ போய்விட்டது. என் அண்ணன் துபாயிலிருந்து, நான் எடுத்தது என்று தெரியாமலே எனக்கே அனுப்பினான்.

பிப்ரவரி 6, செவ்வாய்

டி.வி.க்காரர்கள் வந்தார்கள். நல்ல புடவை கட்டிக்கொண்டேன். "ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி இருந்திருக்கும் மேடம்?" என்று மைக்கைப் பிடித்திருந்த பெண் கேட்டாள். "படத்தைப் பார்த்தாலே தெரியுதே" என்றேன். ஒன்பது மணிச் செய்தியில் "நூலிழையில் தப்பிய உயிர்கள்" என்று ஓடியது. அவர் இரண்டு தடவை பார்த்தார். நான் மூன்று தடவை.

பிப்ரவரி 8, வியாழன்

கிரைண்டர் கல் சுற்றவில்லை. மாவு அரைக்கக் கடைக்கு அனுப்பினேன். படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஸ்டுடியோ சுவரில் மாட்டினேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

அன்று காலை விமானங்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்த கட்டுப்பாட்டு அதிகாரியை விசாரணை முடியும்வரை பணியிலிருந்து விலக்கி வைத்திருக்கிறார்களாம். ரேடாரில் எல்லாம் சரியாக இருந்தது என்று முதலில் அறிக்கை விட்டார்கள். உடனே டி.வி.யில் ஒருவர், ரேடாரில் தெரியும் உயரம் அந்த விமானமே சொல்லும் உயரம்தான், அதன் கருவி பழுதாக இருந்தால் ரேடாரும் தப்பாகத்தான் காட்டும், படம் பொய் சொல்லுமா என்று மேஜையைத் தட்டினார். அதன்பிறகு அதிகாரிகள் வாயைத் திறக்கவில்லை.

அந்தக் கட்டுப்பாட்டு அதிகாரியின் பெயரும் வெளியே வந்துவிட்டது. அங்கயற்கண்ணி. முப்பத்து நான்கு வயது. யாரோ அவர் கல்யாணப் படத்தைத் தேடி எடுத்து, கண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறார்கள். தூங்கிவிட்டாளா என்று கேட்டிருக்கிறார்கள்.

விசாரணை என்றால் முறைப்படி நடக்கும். அவர்களிடம் எல்லாக் கருவியும் இருக்கிறது. இதில் என் படம் என்ன செய்துவிடப் போகிறது.

பிப்ரவரி 12, திங்கள்

மண்டபத்தில் ஒரு கல்யாண ஆர்டர். மணப்பெண்ணின் அப்பாவுக்குப் படத்தில் ராஜகோபுரம் வேண்டும். கோபுரம் மண்டபத்திலிருந்து முக்கால் கிலோமீட்டர் தள்ளி. பெண்ணையும் மாப்பிள்ளையையும் தெருவின் இந்தக் கோடியில் நிறுத்திவிட்டு, நான் பின்னாலேயே நடந்து அந்தக் கோடிக்குப் போய், நீள லென்ஸில் எடுத்தேன். கோபுரம் பெண்ணின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றது. "என்னம்மா இது, கோபுரத்தையே தூக்கிட்டு வந்துட்டீங்க!" என்று அவர் கும்பிட்டார். பதினெட்டு வருஷமாக இதைத்தான் செய்கிறேன்.

சாப்பாட்டுப் பந்தியில் "விமானம் எடுத்த அக்கா" என்று காட்டிக்கொண்டார்கள். பாயசம் நன்றாக இருந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு இலையை மூடினேன்.

பிப்ரவரி 13, செவ்வாய்

ரெஜிஸ்டர் தபாலில் ஒரு கடிதம் வந்தது. மேஜை இழுப்பறையில் வைத்தேன்.

பிப்ரவரி 14, புதன்

பதினோரு மணிக்கு ஒரு பெண் வந்தாள். பாஸ்போர்ட் அளவில் எட்டுப் படம் வேண்டும் என்றாள். வேறு வேலைக்கு மனுப் போடுவதற்காம். ஸ்டூலில் உட்காரவைத்து, "தலையைக் கொஞ்சம் தூக்குங்க" என்றேன். தூக்கினாள். என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள்.

"எந்த லென்ஸ்ல எடுத்தீங்க?"

"ஐநூறு."

"ஏரிக்கரையில நின்னு?"

"ஆமா. உங்களுக்கும் போட்டோகிராஃபில ஆர்வமா?"

"இல்லைங்க. அன்னைக்கு அந்த ரெண்டையும் பார்த்துட்டு இருந்தவ நான்தான்."

விளக்கை அணைத்துவிட்டேன். ஏன் அணைத்தேன் என்று தெரியவில்லை. அவள் ஸ்டூலில் இருந்து எழுந்திருக்கவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை. மதுரைப் பக்கத்துப் பேச்சு.

"இதுல ஒண்ணு முப்பத்தேழரை மீட்டர் நீளம். இன்னொண்ணு எழுபத்து நாலு மீட்டர். நான் தினம் பார்க்கிற விமானங்க. ஒண்ணு இன்னொண்ணை மாதிரி ரெண்டு மடங்கு. உங்க படத்துல ரெண்டும் ஒரே நீளம். அப்படின்னா பெருசு எங்கே இருந்திருக்கணும்?"

"ரெண்டு மடங்கு தூரத்துல" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"இதைத்தான் நானும் சொன்னேன். வாட்ஸ்அப்ல சுத்துற காப்பியை வச்சு அளக்க முடியாதுங்கிறாங்க. யாரு வேணாலும் வெட்டி ஒட்டலாமாம். கேமராவுல இருந்து வந்த ஒரிஜினல் வேணும். உங்களுக்குக் கடிதம் போட்டிருக்காங்க."

"வரலையே."

"சரி. அந்த நேரத்துல எடுத்த மத்தப் படங்க இருக்கா?"

"இல்லைங்க. கார்டை அழிச்சிட்டேன். மறுநாள் கல்யாண ஆர்டர் இருந்துச்சு."

சுவரில் இருந்த படத்தை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "படத்தை எடுங்க, நேரமாகுது" என்றாள். எடுத்தேன். எட்டுப் பிரதி போட்டுக் கொடுத்தேன். பணம் வேண்டாம் என்றேன். மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

பிப்ரவரி 15, வியாழன்

எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டேன். உப்பு அதிகமாகிவிட்டது.

பிப்ரவரி 17, சனி

கார்டு அழியவில்லை. பீரோவில் நகை டப்பாவுக்குள் இருக்கிறது. ஆறாம் தேதி டி.வி.க்காரர்கள் போனதும் நானே எடுத்து வைத்தேன். இந்த நோட்டில்கூட அதை எழுதவில்லை.

இன்று ஸ்டுடியோவை உள்ளே தாழிட்டுவிட்டு எல்லாவற்றையும் பார்த்தேன். இரண்டு விநாடிக்குள் பதினேழு படங்கள். நான் வெளியே கொடுத்தது ஒன்பதாவது. பத்தாவதில் சின்ன விமானத்தின் மூக்கு, பெரியதன் மூக்கை மறைக்கிறது. பன்னிரண்டாவதில் சின்னது பெரியதன் பாதி உடம்பை மறைத்துக்கொண்டிருக்கிறது. பதினாறாவதில் இரண்டும் வெளியே வந்து தம் தம் வழியில் போகின்றன. இரண்டும் அருகருகே இருந்திருந்தால் பத்தாவது படத்திலேயே நொறுங்கியிருக்க வேண்டும். இந்த ஒரு கார்டைக் காட்டினால் போதும், கணக்குக்கூடப் போட வேண்டாம்.

இன்னொன்றும் எழுதிவிட வேண்டும். "கொஞ்சம் பளிச்சென்று ஆக்கினேன்" என்று நான்காம் தேதி எழுதியிருக்கிறேன். முழுப் படத்தையும் ஆக்கவில்லை. பின்னால் இருந்த விமானம் காலைப் பனியில் வெளுத்து, நீலம் பாய்ந்து தெரிந்தது. எந்தப் பொருளும் தூரத்தில் இருந்தால் அப்படித்தான் தெரியும். அதை மட்டும் தேர்ந்தெடுத்துக் கறுப்பை ஏற்றினேன். முன்னால் இருந்ததன் நிறத்துக்குச் சமமாக வரும்வரை ஏற்றினேன். இருபது நிமிஷம் ஆனது. லென்ஸ் செய்தது பாதி. மீதியை நான் செய்தேன்.

அன்று வெறும் கண்ணால் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம்கூடப் பயம் வரவில்லை. ஒன்று பக்கத்தில் போனது, ஒன்று எங்கோ தொலைவில் மங்கலாகப் போனது. அவ்வளவுதான் பார்த்தேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

விசாரணையில் போய் வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள். யாருக்கும் கண்ணால் பார்த்தால்தான் புரியும். அதனால் என் வீட்டுக்காரரிடம் உதவி கேட்டேன். அவர் கல்லூரிப் பேருந்து ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை வண்டி எங்கள் தெருமுனையில்தான் நிற்கும். அவருடைய சிநேகிதர் சந்தியாகுவிடம் ஒரு வேன் இருக்கிறது. வேன் ஐந்தரை மீட்டர். பேருந்து பதினொன்று. விமானங்களைப் போலவே ஒன்றுக்கு இரண்டு.

எதற்கு என்று அவரிடம் சொல்லவில்லை. கல்லூரி விளம்பரத்துக்கு என்றேன்.

ஏரிக்குப் பக்கத்துத் தரிசில் வேனை இருநூறு மீட்டரில் பக்கவாட்டாக நிறுத்தச் சொன்னேன். பேருந்தை நானூறு மீட்டரில், எதிர்ப்பக்கம் பார்க்கும்படி. சக்கரம் தெரிந்தால் தரை காட்டிக்கொடுத்துவிடும். நான் கரைக்குப் பின்னால் குப்புறப் படுத்து, புல் மறைவில், மேல்பாதி மட்டும் தெரியும்படி எடுத்தேன். கைபேசியில் அவரைக் கூப்பிட்டு "ரெண்டடி முன்னால, இன்னும் ரெண்டடி" என்று சொல்லிச் சொல்லி நகர்த்தினேன். முள் குத்தி முழங்கையில் ரத்தம்.

பேருந்தை நிறுத்திவிட்டு அவர் நடந்து வர நேரமானது. திரையைக் காட்டினேன்.

"ஐயையோ! நான் பிரேக்கை விட்டிருந்தா சந்தியாகு வண்டி அப்பளமா ஆயிருக்குமே!"

"நடுவுல இருநூறு மீட்டர் இருக்குங்க. இப்பத்தானே நடந்து வந்தீங்க?"

திரும்பிப் பேருந்தைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு மெல்லப் போவதைப் பார்த்தேன்.

"சுகி, அந்த விமானப் படமும் இப்படித்தானா?"

"ஆமா."

"உனக்கு அப்பவே தெரியுமா?"

சந்தியாகு வந்துகொண்டிருந்தார். நான் கேமராவைப் பையில் வைத்தேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

இரண்டு நாளாக அவர் என்னிடம் சாப்பாட்டு விஷயம் மட்டும்தான் பேசினார். இன்று காலை சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே கேட்டார்.

"குடுக்கப் போறியா?"

"குடுக்கணும்."

"நம்ம வீடும் அந்த மஞ்ச நம்பர்ல இருக்கு. தெரியும்ல? பதினாலு வருஷம் ஓட்டு வீட்டுல இருந்து, ஒவ்வொரு செங்கலா வச்சுக் கட்டினது."

"அந்தப் பொண்ணு எத்தனையோ வருஷம் படிச்சு, பரீட்சை எழுதி அந்த நாற்காலியில உக்காந்ததுங்க. நான் இருபது நிமிஷத்துல எழுப்பிவிட்டேன்."

"அவங்களுக்கு ஆயிரம் வழி இருக்கும். கவர்மென்ட் ஆளுங்க. நமக்கு?"

"வீட்டுக்காகச் சண்டை போடலாம். நான் வேணாம்னு சொல்லல. இதை வச்சுப் போட வேணாம்."

டிபன் டப்பாவை எடுக்காமல் போய்விட்டார். பன்னிரண்டு மணிக்குப் பேருந்து நிறுத்தும் இடத்துக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

பிப்ரவரி 22, வியாழன்

சங்கக் கூட்டத்தில் சொல்லிவிட்டேன். இரண்டு வண்டிகளின் படத்தையும் காட்டினேன். பதினேழு படங்களையும் காட்டினேன். முதலில் யாருக்கும் புரியவில்லை.  புரிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யாருக்கு எவ்வளவுக்கு விலை போனாய் என்று ஒருவர் கேட்டார். கோதண்டபாணி சார் கையைக் காட்டி அடக்கினார்.

"அம்மா, நீ பொய் சொல்லணும்னு யாரும் கேக்கல. நீ சும்மா இருந்தாப் போதும். நிலம் எடுக்கிறதுக்கான கருத்துக் கேட்புக் கூட்டம் மார்ச்சுல முடிஞ்சிடும். அதுக்கப்புறம் நீ எதை வேணாலும் சொல்லு."

"அதுக்குள்ள அவங்க வேலை போயிடும் சார்."

"தொண்ணூத்தாறு வீடும்மா."

 தொண்ணூற்றாறும் ஒன்றும் எப்படிச் சமமாகும் என்று கேட்டால் நான் என்ன சொல்வது? ஆனாலும் அந்த ஒன்றை நான்தான் செய்தேன். "நான் குடுக்கத்தான் போறேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். 

பிப்ரவரி 25, ஞாயிறு

ஸ்டுடியோ ஷட்டரில் சாணி. கழுவினேன். சுவரில் இருந்த படத்தைக் கழற்றினேன். இரண்டு வளைகாப்பு ஆர்டர் ரத்து.

பிப்ரவரி 27, செவ்வாய்

இழுப்பறைக் கடிதத்தில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள். பிறகு அங்கயற்கண்ணியின் எண்ணைத் தேடினேன். ரசீதுப் புத்தகத்தில் இருந்தது.

கார்டு இருக்கிறது என்றேன். கடிதமும் வந்தது என்றேன். பின்னால் இருந்த விமானத்தைக் கறுப்பாக்கியதையும் சொன்னேன். 

"என் மகளுக்கு ஆறு வயசு" என்றாள். "ஸ்கூல்ல ரெண்டு பேப்பர் ராக்கெட் செஞ்சு, அவ முகத்துக்கு முன்னாடி இடிச்சுக் காட்டுறாங்களாம். நான் உங்களுக்கு நன்றி சொல்லுவேன்னு எதிர்பார்க்காதீங்க."

"இல்லைங்க."

"வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு?"

"பத்தரை."

"கார்டோட கேமராவையும் லென்ஸையும் கொண்டு போங்க. நின்ன இடத்தைக் குறிச்சுக்குடுங்க. எதையும் திருத்தாதீங்க."

"சரிங்க" என்று சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

மார்ச் 1, வெள்ளி

விசாரணை அதிகாரிகள் மூன்று பேர். நடுவில் இருந்தவருக்கு என் வயதிருக்கும். கார்டைத் தங்கள் கணினியில் போட்டுப் பதினேழு படத்தையும் ஒவ்வொன்றாக ஓடவிட்டார்கள். பத்தாவது வந்ததும் ஒருவர் "அட" என்றார்.

அளப்பதற்கு வெகுநேரம் ஆகவில்லை. லென்ஸ் ஐநூறு. கேமராவுக்குள் பிம்பம் விழும் சில்லில் சின்ன விமானம் ஆறே கால் மில்லிமீட்டர். அதன் உண்மையான நீளம் முப்பத்தேழரை மீட்டர். கணக்குப் போட்டால் கேமராவிலிருந்து மூன்று கிலோமீட்டர். பெரியது படத்தில் கிட்டத்தட்ட அதே அளவு. ஆனால் எழுபத்து நான்கு மீட்டர் விமானம். ஆறு கிலோமீட்டர். நடுவில் மூன்று கிலோமீட்டர். உயரத்திலும் ஏறக்குறைய ஆயிரத்து எண்ணூறு அடி வித்தியாசம். ஆயிரம் அடி இருந்தாலே போதுமாம். ரேடார் சொன்னதும் அதேதான்.

வண்டிப் படத்தைக் காட்டினேன். நடுவில் இருந்தவர் தன் கைபேசியில் அதைப் படம் எடுத்துக்கொண்டார். பிறகு செய்தியில் வந்த படத்தையும் என் ஒன்பதாவது படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"பின்னால இருக்கிற விமானம் உங்க ஒரிஜினல்ல வெளிறிப் போய் இருக்கு. செய்தியில வந்ததுல கறுப்பா இருக்கு. இது டி.வி.க்காரங்க பண்ணினதா?"

அவரே ஒரு கதவைத் திறந்துவிட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்கு மேல் யாரும் கேட்கப்போவதில்லை.

"நான் பண்ணினது சார்."

"ஏன்?"

"ரெண்டும் பக்கத்துல இருக்கிற மாதிரித் தெரியணும்னு."

எழுதிக்கொண்டார். படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். என்மேல் நடவடிக்கை இருக்கலாம், தகவல் வரும் என்றார். வெளியே வந்து ஒரு இளநீர் குடித்தேன். அப்போதுதான் காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்று ஞாபகம் வந்தது.

மார்ச் 4, திங்கள்

திருத்திய படத்தையும் ஒரிஜினலையும் சேர்த்து, நான் செய்தது இன்னது என்று எழுதி வெளியே போட்டேன். முதல் படத்தை இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். இதை இதுவரை முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். அந்த டி.வி.ப் பெண்ணுக்குப் பேசினேன். இப்போது தேர்தல் செய்தி ஓடுகிறது மேடம் என்றாள். தினமும் ஒரு தடவை பேசப்போகிறேன்.

மார்ச் 8, வெள்ளி

ஐந்தாம் நாள் அந்த டி.வி.ப் பெண் செய்தியில் நாற்பது விநாடி போட்டாள்.

மார்ச் 9, சனி

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு இன்னும் இரண்டு வாரம். மனுவிலிருந்து படத்தை எடுத்துவிட்டார்களாம். அப்புறம் அதில் என்னதான் மிச்சம் என்று அரசாங்க அறிவிப்பை நானே எடுத்துப் படித்தேன். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து நானூறு மீட்டருக்குள் இருக்கும் வீடுகளைத்தான் எடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. தெருவுக்குள் வந்து யாரும் டேப் பிடித்து நான் பார்த்ததில்லை. வரைபடத்தில் கணபதி நகர் முழுவதையும் ஒரே வண்ணத்தில் பூசியிருக்கிறார்கள்.

அவரிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தார். "நூறு மீட்டர் டேப் சந்தியாகுகிட்ட இருக்கு" என்றார்.

மார்ச் 10, ஞாயிறு

இருவரும் காலை ஆறு மணிக்குத் தொடங்கினோம். சுவரிலிருந்து ஒவ்வொரு வீட்டு வாசல்வரை நேர்கோட்டில் அளந்து, வாசலில் அளவு எழுதிய பலகையை வைத்து, சாதாரண ஐம்பது லென்ஸில் ஒரு படம். எந்தத் திருத்தமும் கிடையாது. முதல் நாள் பதினொரு வீடுகள் கதவைத் திறந்தன. ஒரு வீட்டில் தண்ணீர் வாளியை வாசலில் கவிழ்த்தார்கள். எங்கள்மேல் படவில்லை.

மார்ச் 13, புதன்

ஒரு அழைப்பு. அங்கயற்கண்ணி.

"இன்னைக்குக் காலையில டூட்டில உக்காந்தேன். பத்தொன்பது விமானம் இறக்கினேன். சொல்லணும்னு தோணுச்சு."

"ரொம்ப சந்தோஷங்க."

"ம்" என்றாள். வைத்துவிட்டாள். அது போதும்.

மார்ச் 16, சனி

இன்று எங்கள் வீடு. அவர் சுவரோரம் டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டார். நான்கு முறை டேப்பை இழுக்க வேண்டும். கடைசியில் எங்கள் வாசற்படியில் நான் குனிந்து பார்த்தேன். முந்நூற்றுத் தொண்ணூற்றாறு.

எல்லைக்கு வெளியே போக நான்கு மீட்டர்தான் குறைவு. டேப்பைக் கொஞ்சம் தொய்யவிட்டால் போதும். சந்து வளையும் இடத்தில் கொஞ்சம் கோணலாகப் பிடித்தால் அதுவே வந்துவிடும். யாருக்கும் தெரியாது. அவர் அங்கிருந்து "எவ்வளவு?" என்று கத்தினார்.  மறுபடி அளக்கலாம் என்றேன். மறுபடியும் முந்நூற்றுத் தொண்ணூற்றாறு. பலகையில் எழுதினேன். அவர் வந்து படித்தார். சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த வீடு" என்றார்.

மார்ச் 23, சனி

கல்யாண மண்டபத்தில் கூட்டம். நில எடுப்பு அதிகாரி எங்கள் மனுவைப் புரட்டிவிட்டுக் கோதண்டபாணி சாரைப் பார்த்துக் கேட்டார்: "போன மாசம் ஒரு விமானப் படத்தைப் போட்டு ஊரை ஏமாத்தினது உங்க தெருதானே? இந்த அளவையெல்லாம் நாங்க எப்படி நம்புறது?"

சார் என் பக்கம் திரும்பினார். நான் எழுந்தேன்.

"ஏமாத்தினது தெரு இல்லை சார், நான். ஏமாத்தினேன்னு சொன்னதும் நான்தான். இந்தத் தொண்ணூத்தாறு அளவும் நானும் என் வீட்டுக்காரரும் எடுத்தது. என்னை நம்ப வேணாம். உங்க ஆளுங்களை அனுப்பி எந்த வீட்டை வேணும்னாலும் அளந்து பாருங்க. முதல்ல நாற்பத்து நாலாம் நம்பரை அளங்க. அது என் வீடு. எல்லைக்குள்ள வருதுன்னு நானே எழுதியிருக்கேன்."

அவர் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்துப் படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறு அளவைக்கு உத்தரவு போட்டார்.

ஏப்ரல் 12, வெள்ளி

பட்டியல் வந்துவிட்டது. அவர்கள் அளந்து பார்த்த வீடுகளில் அவர்கள் அளவும் என் அளவும் ஒரு சாண்கூட மாறவில்லையாம், மற்ற வீடுகளுக்கு என் அளவையே எடுத்துக்கொண்டார்களாம். தொண்ணூற்றாறில் முப்பத்தேழு வீடுகள் எல்லைக்கு வெளியே. மஞ்சள் எண்ணைச் சுண்ணாம்பு அடித்து அழிக்கிறார்கள். மீதி ஐம்பத்தொன்பது வீடுகளுக்காகச் சங்கம் வழக்குப் போடப்போகிறது. அதில் எங்கள் வீடும் உண்டு. வழக்கு என்ன ஆகும் என்று தெரியாது. அடுத்த வாரம் வேறு வீடு பார்க்கத் தொடங்குகிறோம்.

மாலையில் கோதண்டபாணி சார் வந்தார். பிப்ரவரிக்குப் பிறகு இப்போதுதான் எங்கள் படி ஏறுகிறார். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை. எங்கள் வாசற்படியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாலு மீட்டர்தானே அம்மா..."

"நாலுதான் சார்."

"எனக்கு நானூத்திப் பன்னண்டுன்னு போட்டிருக்கே." குரல் இறங்கியது. "அது... நிஜமாவே பன்னண்டுதானா? எனக்காக எதுவும்..."

"நிஜம்தான் சார். ரெண்டு தரம் அளந்தேன்."

அதன் பிறகுதான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.